தொட்டிக்குள் உறுமல்

"ராத்திரி பூரா உறுமுது தம்பி. கண்ணை மூட முடியல," என்றாள் முதல் மாடி அக்கா.

குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியைக் கலக்கப் புதிதாக வந்த மோட்டாரைப் பற்றித்தான் புகார். தொட்டி, அவள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "தண்ணிக்குள்ள முங்கி ஓடுற மோட்டார்க்கா. சத்தம் மேல வராதே."

"அப்போ நான் கதை விடுறேனா?"

"எனக்கொண்ணும் கேக்கலையே," என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. இன்னிக்கிலேர்ந்து நான் பின்பக்க ரூம்ல படுத்துக்கறேன்."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வா, தொட்டியைப் பாக்கலாம்," என்று அவனைத் தள்ளாத குறையாகக் கீழே கூட்டிப்போனாள்.

அவன் பம்ப் அறைக் கதவைத் திறந்தான். உள்ளே, ஆணிகூடப் பிடுங்காத மரப்பெட்டி.

"அக்கா, மோட்டார் இன்னும் பெட்டிக்குள்ளதான் இருக்கு."

"தெரியும். வந்த அன்னிக்கே எட்டிப் பாத்துட்டேன்."

"அப்போ உறுமுறது?"

அவள் கண்ணால் மாடியைக் காட்டினாள். "குறட்டைன்னு சொன்னா மனுஷன் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார். மோட்டார் கோவிச்சுக்காது பாரு. நீ வாயைத் திறக்காதே."

சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினான்.

மேலே ஜன்னல் திறந்தது.

"தம்பி, யோசிச்சுப் பாத்தா நேத்து எனக்கும் லேசா உறுமல் கேட்டுதுப்பா," என்றார் கணவர். பிறகு மனைவியிடம், "என் தலையணையையும் பின்பக்க ரூம்லயே போட்டுட்டேன்மா."