தக்காளிப் பரீட்சை

"சந்தையில வாங்கின சைனாக் கத்தியா? முதல்ல அதை வெளிய வீசு!" என்று எகிறினான் தவராஜ். மாத்தளையில் உள்ள கத்திப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவன்தான் அட்மின். அவனுடைய ஜேர்மன் கத்திக்கு அலுமாரியில் தனித் தட்டு, தோலுறை.

"கண்ணைக் கட்டிக்கிட்டு வெட்டிப் பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா நானே வீசிடுறேன்" என்றாள் மனைவி துஷாந்தினி.

"என் கைக்குத் தெரியாதா?"

குழுவையே வீடியோ அழைப்பில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கண்ணைக் கட்டிக்கொண்டான். அவள் கத்தியைக் கொடுக்க, தக்காளியை வெட்டினான்.

"ச்சீ, வெறும் தகரம்! தக்காளி நசுங்குது. இது சைனா."

அவள் அதை வாங்கித் துடைத்தாள். மறுபடியும் அவன் கைக்குக் கத்தி வந்தது.

"ஆகா! வெண்ணெய்ல எறங்குற மாதிரி எறங்குது. இதுதான்டா ஜேர்மன்!"

போனில் ஒரே சிரிப்பு. கட்டை அவிழ்த்துப் பார்த்தான். கையில் இருந்தது சைனாக் கத்தி.

"ரெண்டு தடவையும் இதைத்தாங்க குடுத்தேன்."

தவராஜுக்கு முகம் கறுத்தது. "ஏமாத்துறியா? என் ஜேர்மன் கத்தியை ஏன் குடுக்கல?"

"எப்படிங்க குடுக்கிறது? நேத்து பிலாக்காய் வெட்டுறப்ப அது ரெண்டாப் போயிருச்சு. அதனாலதானே நான் சந்தைக்கே போனேன்!"