மேனேஜர் ஒட்டிய தாள்

‘இந்த அணியில் ஸ்பானிஷ் பேசுகிறவனுக்கு ஆட்டம் கிடையாது’ என்று பேஸ்பால் மேனேஜர் ஹாலிங்கர் தாள் எழுதி ஒட்டிய அன்றுதான், ஸ்பானிஷ் பெயர்க்காரனான புதுப் பந்துவீச்சாளன் ட்ரெவினோ வந்து சேர்ந்தான். ஸ்பானிஷ் பேசும் போர்ட்டோ ரீக்கோக்காரன் எலாடியோ, வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர், தாளைப் படித்துவிட்டுப் புதியவனைத் தனியே அழைத்துப் போனான்.

கடைசிச் சுற்று. பந்து வீசுவது ட்ரெவினோ; அணிக்கு ஒரே ஓட்டம்தான் முன்னிலை. மேனேஜர் மைதானத்துக்குள் ஓடி வந்தார்.

“இந்த மட்டைக்காரனுக்கு நேரா போடாத. வெ...ளி...யே போடு.”

ட்ரெவினோ அன்பாகச் சிரித்தான்.

“எலாடியோ, உங்க பாஷையில சொல்லித் தொலை.”

“கூடாதுன்னு ஒட்டியிருக்கீங்களே பாஸ்.”

“இப்ப மட்டும் பேசுப்பா.”

“பேசினா எப்பவும் பேசுவோம். இல்லன்னா இல்ல.”

நேரமாகிறது என்று நடுவர் உறுமினார்.

“சரி, எப்பவும் பேசுங்க. தாளைக் கிழிச்சுடறேன்.”

எலாடியோ ட்ரெவினோவின் தோளில் கைபோட்டு, ஸ்பானிஷில் நிதானமாக நெடுநேரம் பேசினான். ட்ரெவினோ தலையாட்டினான். மேனேஜர் நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

அவர் தலை மறைந்ததும், ட்ரெவினோ சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டான்:

“நீங்க சொன்னபடி வாயே திறக்கலண்ணே. ஆனா இப்ப என்ன சொன்னீங்க? நான் டெக்சாஸ்ல பொறந்தவன். ஸ்பானிஷ் பேசினா எங்க பள்ளிக்கூடத்துல அடிப்பாங்க. எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.”

“வெளியே போடச் சொன்னேன்,” என்றான் எலாடியோ. “மீதியெல்லாம் மேனேஜரைப் பத்தி.”