தண்ணீர் விழும் சத்தம்

“அம்மா குளிக்கப் போயிருக்கான்னு புள்ளைகிட்ட சொன்னது யாருடா? நீதானே—”

“நான் சொன்னேன். உள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டது யாரு? தண்ணி விழுற சத்தம் கேக்கட்டும்னு—”

“அன்னைக்குப் புள்ள அம்மா காலை விடமாட்டேங்குது. ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு, நேரமாச்சுன்னு குதிச்சது நீ!”

“ஆமா. எல்லாம் நான்தான்.”

“தலையில சோப்பு நுரையோட நின்னுக்கிட்டு நியாயம் பேசாத. போய்த் துடை.”

அவன் துடைக்கவில்லை. இடுப்பில் ஈரத்துண்டோடு குளியலறை வாசலிலேயே நின்றான். அக்கா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருவருக்கும் நடுவே, சிமெண்டுத் தரையில், அவனுடைய நான்கு வயது மகள் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஏன் வந்த! உள்ள போ! அம்மாவ அனுப்பு!”

பிளாஸ்டிக் குவளை பறந்து வந்து அவன் முழங்காலில் பட்டது.

தினமும் இதுதான்.

அந்த நீலக் கதவு சாத்தியிருக்கும்வரை பிள்ளை சமர்த்து. அம்மாவின் மஞ்சள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு நேரே உட்கார்ந்திருப்பாள். உள்ளே தண்ணீர் விழும். கேட்டுக்கொண்டிருப்பாள்.

கதவு திறக்கும்.

வருவது அம்மா இல்லை.

அம்மா மஸ்கட்டில், யாரோ ஒரு வீட்டில், யாரோ ஒரு கிழவிக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கிறாள். வருவதற்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

உண்மையைச் சொல்லாமலும் இல்லை. பிறகு சொன்னார்கள். வானத்தில் பிளேனைக் காட்டிச் சொன்னார்கள். போனில் அம்மாவின் முகத்தையே காட்டினார்கள்.

பிள்ளை ஒரு பார்வை பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“இது போன் அம்மா. எங்கம்மா உள்ள குளிக்கிறா.”

அவன் அரிசி மில்லிலேயே குளித்துவிட்டு வந்து பார்த்தான். அக்கா, பிள்ளை விழிப்பதற்கு முன்னால் குளித்துப் பார்த்தாள். கதவு சும்மா திறந்து கிடந்தால் அதற்கும் ஓர் அலறல். பக்கத்து வீட்டுக்காரி மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினாள். சாயங்காலத்துக்குள் பிள்ளை அதைக் கடித்தே அறுத்துவிட்டாள்.

இன்று அவன் கையை ஓங்கினான்.

“அடி. ஏன் நிறுத்திட்ட? அடிச்சா மஸ்கட்டுலேர்ந்து ஓடி வந்துருவாளா உம் பொண்டாட்டி?”

கை இறங்கியது. குனிந்து பிள்ளையின் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

“இப்படிக் கத்துனா எப்படிடி அம்மா வருவா? கத்துற புள்ளைகிட்ட எந்த அம்மா வருவா?”

நின்றுவிட்டது.

வெட்டினாற்போல. கால் உதைப்பது நின்றது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. கண் அவன் முகத்தை விட்டு அசையவில்லை.

“பாத்தியா,” என்றான் அக்காவிடம். “சொல்ற விதமா சொன்னா கேக்குது.”



போன் அடித்தது. அக்காவின் மருமகன். நின்றபடியே கேட்டாள். வைத்தாள்.

“எம் மகளுக்கு வலி கண்டுருச்சாம். அம்மா எங்க, அம்மா எங்கங்கிறாளாம்.”

பை நேற்றே கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

“எப்ப வருவக்கா?”

“பச்ச உடம்புக்காரியப் பாதியில போட்டுட்டு வரச் சொல்றியா? மூணு மாசமாவது ஆகும்டா.”

“மில்லுல நைட் ஷிஃப்டு போட்டான்னா இவள எங்க விடுவேன்க்கா?”

அவன் தரையைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். குரல் இறங்கியது.

“அவளுக்குத் தெரியாமக் கிளம்பிரு அக்கா. நான் உள்ள போய்க் குழாயைத் திறந்து—”

“வாயை மூடு.”

பையைக் கொண்டுவந்து பிள்ளையின் கண்ணெதிரே வைத்தாள் அக்கா. எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“கனி. அத்தை ஊருக்குப் போறேன். பஸ்ஸுல போறேன். குளிக்க இல்ல, ஊருக்கு. கேக்குதா?”

சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவனும் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

அலறல் வரவில்லை.

பிள்ளை பையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். கீழுதடு நடுங்கியது. அதைப் பல்லால் பிடித்து நிறுத்தினாள். எழுந்தாள்.

துவைக்கக்கூட யாரிடமும் கொடுக்காத அந்த மஞ்சள் துண்டைத் தோளிலிருந்து எடுத்தாள். அத்தையின் கையில் வைத்தாள்.

விரலைப் பிடித்து இழுத்தாள். அக்கா எழுந்து பின்னால் போனாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீலக் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள் பிள்ளை. அவன் சரியாக மூடாத குழாயிலிருந்து வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

“உள்ள போ அத்தை.”

சத்தமே இல்லாமல், காற்றாகப் பேசினாள்.

“போய் அம்மாகிட்ட சொல்லு. நான் இனிமே கத்தவே மாட்டேன்னு.”