சிரிப்பின் இரண்டு வழிகள்

“இல்லக்கா, இன்னும் கொஞ்சம். வலது பக்க உதட்டை மேல தூக்கு.”

“தூக்கிட்டுத்தான்டா இருக்கேன். அதுவும் உன்னை மாதிரியேதான், சொன்ன பேச்சு கேக்காது,” என்று குழறுகிறாள் அக்கா.

ஜன்னல் வழியே மாலை வெயில் அவள் மடியில் விழுகிறது. தம்பி கைக்கண்ணாடியைப் பிடித்திருக்கிறான். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் இடப்பாதி மட்டும் சிரிக்கிறது. வலப்பாதி வேறு யாருடையதோபோலத் தொங்குகிறது. வேண்டுமென்று சிரிக்க மூளையில் ஒரு வழி, தானாக வரும் சிரிப்புக்கு வேறு வழி, அடைபட்டது முதலாவதுதான் என்று டாக்டர் சொன்னதை அவன் நம்பவில்லை. கன்னம் இரண்டும் குழிய அவள் சிரிக்கும் அந்தப் பழைய சிரிப்பு இனி இல்லையென்றே அவன் மனம் அடித்துக்கொள்கிறது. தெருவில் சைக்கிள் மணி கேட்கிறது. அவன் கண்ணாடியைத் தாழ்த்துகிறான்.

“பிரேக் பிடிக்கத் தெரியாம துணிக்கொடிக்குள்ள புகுந்து, ஹெட்மாஸ்டர் சட்டையைத் தலையில மாட்டிக்கிட்டு தெருக்கோடி வரைக்கும் போனியே, ஞாபகம் இருக்கா?”

“பின்னாடி பிடிச்சிருக்கேன்னு சொல்லிட்டுக் கையை விட்டது யாருடா, திருட்டுப் பயலே?”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. இரண்டு கன்னங்களும் குழிகின்றன. அவன் அவசரமாகக் கண்ணாடியை அவள் பக்கம் திருப்புவதற்குள் வலது உதடு மறுபடி இறங்கிவிடுகிறது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

“அக்கா, இப்ப சிரிச்ச மாதிரியே இன்னொரு தடவை சிரியேன்.”