ஐந்து மணிக்குள்

எண்பத்திரண்டு சதவீதம் ஏறியதும் போன் லைன் மறுபடியும் அறுந்தது.

மரிய அனிதாவுக்கு மானிட்டரைத் தூக்கிக் கோட்டையூர் டவுன் பஸ்ஸின் சக்கரத்தில் போடலாம் போல ஆத்திரம் வந்தது. காலை எட்டரையிலிருந்து இது பதினாறாவது முறை.

சென்னையில் ஒரு கல்யாண மண்டபம். இணையத்திலேயே முகூர்த்த தேதி பதிவு செய்யும் புரோகிராம், அவளுடைய ஆறு மாத உழைப்பு. ஐந்து மணிக்குள் அவர்கள் சர்வரில் ஏறாவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

"தேவையில்லாததையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அனுப்பு தாயி!"

மாடியிலிருந்து முதலாளி பூமிநாதன் கத்தினார். அரிசி மில் வைத்திருந்தவர். கம்ப்யூட்டர் சென்டரில் அவருக்குத் தெரிந்தது போர்டில் இருக்கும் தன் பெயர் மட்டும்தான்.

ஆனாலும் சொன்னது நியாயம். கம்பைல் ஆகி, கம்ப்யூட்டரின் மொழிக்கு மாறிவிட்ட புரோகிராம் தானாகவே ஓடும். அவள் எழுதிய வரிகள் சர்வருக்கு எதற்கு? மத்தியானமே அவற்றை எடுத்திருந்தாள். சோதனைக்கு வைத்த பொய்க் கல்யாணங்களை எடுத்தாள். வாசல் வாழைமரப் படத்தையும் எடுத்தாள்.

இப்போது 'உருவாக்கியவர்: மரிய அனிதா' என்ற பக்கத்தையும் எடுத்தாள்.

மறுபடி அனுப்பினாள். தொண்ணூற்றாறு சதவீதம். மாடியில் 'டிங்' என்றது. லைன் அறுந்தது.

கீழே சென்டருக்கும் மேலே முதலாளி வீட்டுக்கும் இருந்ததே ஒரே லைன். கீழே மோடம், மேலே அதே லைனில் இன்னொரு போன். மேலே எடுத்தால் கீழே போச்சு.

படிகளில் பாய்ந்து ஏறினாள். ரிசீவரில் கை வைத்தபடி பூமிநாதன் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"வெள்ளனத்துலயே மகளைப் பிரசவத்துக்கு மதுரைக்குக் கொண்டு போனாக. வேலை கெட்டுறக் கூடாதுன்னு நான் மட்டும் நின்னுக்கிட்டேன். ஒரு போனும் வரல. லைன் செத்துப்போச்சோன்னு எடுத்து எடுத்துப் பாக்குறேன், கீச்சு கீச்சுனு கத்துது தாயி."

அனிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலே முக்கால். கீழே வந்து மோடத்தின் வயரைப் பிடுங்கினாள்.

மூன்றே நிமிடத்தில் மேலே போன் அடித்தது. மருமகன். பேத்தி காலை பத்து மணிக்கே பிறந்துவிட்டாளாம். அப்போதிருந்து கூப்பிடுகிறார்களாம்; எந்நேரமும் எங்கேஜ்.

எத்தனை கிலோ, நிறம் யாருடையது, மகள் சாப்பிட்டாளா என்று பூமிநாதன் கேட்டுக்கொண்டே இருந்தார். அழுகையும் சிரிப்புமாகக் குரல் படியிறங்கி வந்தது.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. போனை வைக்கச் சொல்லி அனிதா அவரைக் கூப்பிடவில்லை.