வழியனுப்பும் தண்ணீர்

மனைவி ராத்கா செம்பும் கையுமாக வந்து நின்றதைப் பார்த்ததும் வெனெலின் கையை நீட்டித் தடுத்தார்.

"அடியே, தண்ணியெல்லாம் வேண்டாம். உள்ள பூரா கரண்டு வயரு கெடக்கு."

உள்ளே என்றால் பால்கனி. கண்ணாடி போட்டு அடைத்த அந்தத் துண்டு இடத்தில்தான், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவர் ஒரு பழைய இல்யூஷின் விமானத்தின் விமானி அறையைக் கட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு முதல் பறப்பு.

உயரம் காட்டும் கருவி மட்டும் அசல். உடைத்துப்போட்ட விமானம் ஒன்றிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. மற்ற முட்கள் எல்லாம் குடைமிளகாய்த் தொக்குப் பாட்டில் மூடிகளுக்குள் ஓடின. கைப்பிடி, பாதியாக அறுத்த ட்ராலி பஸ் ஸ்டியரிங்.

முன்கண்ணாடிக்கு அப்பால், மருமகன் வேண்டாமென்று தள்ளிவிட்ட டிவியில் ரூசே விமான நிலையத்தின் ஓடுபாதை நீண்டு கிடந்தது. அங்கே ஏறி, கடற்கரையில் வார்னாவில் இறங்க வேண்டும். அதுதான் திட்டம்.

இந்தப் பால்கனி முன்பு ராத்காவின் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குச் சொந்தமாக இருந்தது. பீப்பாய் இப்போது குளியல் தொட்டியில் இருக்கிறது. அதன் வாசனை மட்டும் விமானத்தை விட்டு இறங்க மறுத்துவிட்டது.

கீழ்வீட்டு கெனாதிதான் கட்டுப்பாட்டுக் கோபுரம். சமையலறையில் செல்போனும் திராட்சைச் சாராயமுமாக உட்கார்ந்திருந்தார்.

"கோபுரம் பேசுது. பாதை காலி. சீக்கிரம் கெளம்புடா, பாட்டிலும் காலியாகப் போகுது!"

வெனெலின் கிளம்பத் தயார்தான். குறுக்கே நின்றது அந்தச் செம்பு.

தூரம் போகிறவர் வாசலைத் தாண்டும்போது காலடியில் தண்ணீர் ஊற்றுவது ஊர் வழக்கம். போகிற காரியம் தண்ணீர் மாதிரி தங்குதடையில்லாமல் ஓடுமாம். வெனெலினின் காரியம் ஓடிய லட்சணம் அந்தத் தெரு முழுக்கத் தெரியும்.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. விமானப் பள்ளியில் இடம் கிடைத்து, ஒரு பிப்ரவரிக் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அம்மா செம்புத் தண்ணீரைப் படியில் ஊற்றினாள். அவர் காலை வைத்தார். படி முழுக்க ஐஸ். சறுக்கிய வேகத்தில் பெட்டி தெருவுக்குப் போயிற்று, முழங்கால் மூன்றாகப் போயிற்று.

இந்த முழங்காலுக்கு வானத்தில் வேலை இல்லை என்று விமானப் பள்ளி கைவிரித்துவிட்டது. வெனெலின் ஆயுள் முழுக்க ட்ராலி பஸ் ஓட்டினார். தலைக்கு மேலே மின்கம்பியில் கட்டிப்போட்ட வண்டி. கம்பியை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் நடுரோட்டில் செத்துப்போகும்.

அம்மாவின் மேல் அவருக்குக் கடைசி வரை கோபம் ஆறவில்லை. "ஊத்தின மறுநிமிஷமே தண்ணி ஐஸாகுமாடா பாவி?" என்று அவளும் சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். யார் காதில் வாங்கினார்கள்?

மாவுக்கட்டோடு கிடந்தவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ராத்கா தினமும் சூப் கொண்டுவந்தாள். கட்டைப் பிரித்த கையோடு கல்யாணமும் நிச்சயமாயிற்று. விழுந்ததில் கிடைத்த ஒரே லாபம் இவள்தான் என்று விருந்துகளில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பார். ராத்கா அந்த நேரத்தில் பெரும்பாலும் அடுப்படியில் இருப்பாள்.

இந்த வயதில் இன்னொரு முறை வாசலிலேயே விழுந்தால் அவர் தாங்க மாட்டார். கால் கூடச் சேர்ந்துவிடும். மனசு சேராது.

"தண்ணி ஊத்தாம உன்னை அனுப்ப மாட்டேன்," என்றாள் ராத்கா. முகத்தில் விளையாட்டே இல்லை.

சொன்னதோடு நிற்காமல் குனிந்தும் விட்டாள். வயர் இல்லாத பக்கமாகப் பார்த்து, பால்கனி வாசலில் கொஞ்சமாக ஊற்றினாள்.

வெனெலின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஆற்றைத் தாண்டப் போகிறவர் மாதிரி அந்தத் தண்ணீரைப் பார்த்தார். தலையில் விமானித் தொப்பி வேறு.

"சும்மா காலை வையிய்யா. இப்ப ஊத்தினது ஒண்ணும் பண்ணாது. முந்தின நாள் ராத்திரியே ஊத்தி வச்சாத்தான் காலையில கண்ணாடி மாதிரி இறுகும்."

அதானே என்று சிரித்துக்கொண்டே வலது காலை வைத்தார். சறுக்கவில்லை.

இடது கால் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

அம்மா ஊற்றியது காலையில். அப்படியானால் முந்தின நாள் ராத்திரி படியில் ஊற்றியது யார்?

முதலில் அவருக்கு அம்மாவின் முகம்தான் வந்தது. பாவம், எத்தனை தடவை கேட்டாள்! பிறகுதான் மெல்லத் திரும்பினார்.

ராத்கா காலிச் செம்புக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். முகம் காது வரை சிவந்திருந்தது. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே அவர் பார்த்த அதே பெண்.

திட்டுவதா சிரிப்பதா என்று வெனெலினுக்கு விளங்கவில்லை. உள்ளே போய் இருக்கையில் உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்து, செல்போனை எடுத்தார்.

"கோபுரம், புறப்பாடு தாமதம்."

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"ஓடுபாதை ஐஸாக் கெடக்கு."

"ஆகஸ்ட் மாசத்துலயா?"

அவர் பதில் சொல்வதற்குள் ராத்கா உள்ளே வந்து, கூப்பிடாமலே பக்கத்திலிருந்த துணை விமானி இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டாள்.