பன்னிரண்டு கடைகள்

மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று அவள் எழுதியது. மற்றது ஜெயபாண்டி எழுதியது.

அவன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். இஸ்திரி போடாத சட்டை. பையில் ஒரு பேனா.

நான்கு பேர் சேர்ந்து செய்த எம்பிஏ ஆய்வு. யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று நூறு மதிப்பெண்ணை நால்வருக்கும் பிரித்து, ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதித் தர வேண்டும். கீழே ஓர் உறுதிமொழி: நான் எழுதியது உண்மை. அதற்கும் கீழே கையெழுத்து.

அவள் அவனுக்கு இருபத்தைந்து போட்டிருந்தாள்.

அவன் தனக்குப் பூஜ்யம் போட்டிருந்தான்.

பேராசிரியர் மங்கையர்க்கரசி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தனக்குத்தானே கூட்டிப் போட்டுக்கொண்டவர்களை இருபது வருடமாக விசாரித்தவர். குறைத்துப் போட்டவனை என்ன செய்வது என்று நடத்தை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அப்படி ஒருவன் வருவான் என்று அதை எழுதியவர்களுக்கே தோன்றியிருக்கவில்லை.

"ரெண்டுல ஒண்ணு பொய்" என்றார். "மூணு வாரத்துல ஒரே ஒரு நாள்தான் வந்தான்னு மத்த ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க. நீ மட்டும் இருபத்தஞ்சு போட்டுருக்க. அப்படி என்ன செஞ்சான்?"



பத்துக்குக் கீழே போனால் அவன் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். அவன் அப்பாவுக்கு இப்போதுதான் இதயத்தில் அறுவைச் சிகிச்சை. அருப்புக்கோட்டையில் மளிகைக் கடை மூடிக் கிடக்கிறது. அந்த வீடு இன்னொரு வருடத்தைத் தாங்காது.

அவன் செய்தது அவளுக்கு மட்டும் தெரியும்.

மதுரையில் முப்பத்தாறு மளிகைக் கடைகளில் கேட்டு எழுத வேண்டிய ஆய்வு. அவன் அப்பாவோடு மருத்துவமனையில் இருந்ததால், மீதி மூவருக்கும் தலைக்குப் பன்னிரண்டு. அவளுக்கு அந்த வாரம் வேலைக்கான நேர்முகத் தேர்வு. விடுதி மெஸ்ஸில் உட்கார்ந்து பன்னிரண்டு கடைக்காரர்களாகவும் அவளே பதில் எழுதினாள். நான்கு பேனாக்களை மாற்றினாள். எழுத்தைச் சாய்த்தாள்.

அவன் வந்தது ஒரே ஒரு நாள். தாள்களைப் புரட்டினான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மற்ற இருவரும் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தான்.

"பன்னெண்டு பேருமே யாவாரம் நல்லா இருக்குன்னு சொல்லிருக்காங்களேப்பா. ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போறப்பக்கூட எங்கப்பா டாக்டர்ட்ட யாவாரம் டல்லுன்னுதான் சொன்னாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் முகம் வெளிறியது.

அவன் வேறெதுவும் கேட்கவில்லை. எழுதாத தாள்கள் பன்னிரண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் அவள் மேசையில் ஒரு பழுப்பு உறை இருந்தது.

பன்னிரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் கடையின் ரப்பர் முத்திரை. ஒன்றில் மிளகாய்த்தூள் படிந்த கட்டைவிரல் ரேகை. இரண்டில் பெருங்காய வாசனை. அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு நடக்கும் வழியில், ஒரு நாளைக்கு மூன்று கடையாக ஏறி இறங்கியிருந்தான்.

வியாபாரம் எப்படி என்ற கேள்விக்குப் பன்னிரண்டு பேரும் புலம்பியிருந்தார்கள். ஒருவருக்கு இடம் போதாமல் தாளின் பின்பக்கத்திலும் புலம்பல் தொடர்ந்தது.

தான் எழுதியவற்றைக் கிழித்துப் போட்டாள். அவனுக்கு நன்றி என்று செய்தி அனுப்பினாள்.

எதுக்கு, என்று பதில் வந்தது.

விதிப் புத்தகத்தில் அவளுக்கும் ஒரு வரி உண்டு. இல்லாத தகவலை எழுதியவர், பின்னால் திருத்தினாலும், ஒரு பருவம் நீக்கம். வேலைக்கான கடிதம் போன வாரம்தான் வந்திருந்தது. அம்மா அதைச் சாமிப் படத்தின் முன் வைத்திருந்தாள்.

"நான் எதுவும் செய்யல மேம்." ஜெயபாண்டி முந்திக்கொண்டான். "பாவம் பாத்துப் போட்டுருக்காங்க."

அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த முகம். அதை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் என்ன விலைக்கும் விற்கலாம். அவன் தன்னையே சும்மா கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப பூஜ்யமே இருக்கட்டுமா?"

அவன் தலையாட்டினான்.

மேசைக்கடியில் அவன் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள்.

தன் தாளை இழுத்தாள். காரணம் என்று போட்ட கட்டம் காலியாக இருந்தது. ஒரு விரல் அகலம்.

"மேம், இந்த இடம் பத்தாது. முழுத்தாள் ஒண்ணு குடுங்க."

கால் நின்றது. வேண்டாம் என்பது போல அவன் லேசாகத் தலையை அசைத்தான்.

பேனா கேட்டாள். அவன் கொடுக்கவில்லை.

அவன் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

முதல் வரியைத் தன் பெயரில் தொடங்கினாள்.